காந்தள் நஞ்சும் நெஞ்சின் தாளமும்

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பிடித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் வேலிகளில் காந்தள் ஏறிவிடும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. சுருளி அருவிக்குப் போகும் வழியில், மேகமலை அடிவாரத்துக் கரடுகளில், ஆடு மேயும் புறம்போக்கின் முள்ளுக்குள் அது பாட்டுக்குக் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியையே சுருட்டிக் கொம்பைப் பற்றிக்கொண்டு மேலே போகும். பூவுக்கு ஆறு இதழ்கள். ஓரம் நெளிந்து, ஆறும் பின்பக்கமாக மடிந்து நிற்கும். மொக்கில் பச்சை, விரிந்ததும் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, சில நாளில் முழுச் சிவப்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதல் பூ இதுதான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான்.

"பூவப் பாரு, கிழங்குல கை வைக்காத" என்று சொல்லித்தான் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும், அது ஆளைக் கொல்லும் என்பதில் எந்த ஊருக்கும் சந்தேகம் கிடையாது. சித்த மருத்துவர்கள்கூட அதை நஞ்சு வகையில் வைத்து, சுத்தி செய்த பிறகே, அதுவும் பெரும்பாலும் மேல்பூச்சாகவே எடுத்தார்கள்.

அந்த நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். இன்று அரை மில்லிகிராம் மாத்திரையாக மருந்துக் கடையில் கிடைக்கிறது. யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் வீங்கித் துடிப்பவர்களுக்குப் பல காலமாகக் கொடுப்பது இதைத்தான். இதயத்தின் மேலுறை அழன்று நெஞ்சு வலிப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். கடந்த பதினைந்து வருடங்களாக இன்னொரு கேள்வியோடும் இந்த மாத்திரையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்: தாளம் தவறித் துடிக்கும் இதயத்தை இது சரிசெய்யுமா? மூட்டு வீக்கத்துக்கான மருந்துக்கும் இதயத் துடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், 50 வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவரும் பதில் சொல்லியிருக்க மாட்டார். அந்தச் சம்பந்தம் பிறந்த கதை இது.

முதலில் நஞ்சின் பக்கம். கருங்கடல் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில், கொல்கிஸ் என்று ஒரு பழைய பிரதேசம். அங்கே இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு சிறு கிழங்குச் செடிக்கு அந்த ஊரின் பெயரையே வைத்து கோல்சிக்கம் என்றார்கள். நம் காந்தளுக்குத் தூரத்து உறவு. ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் என்ற மருத்துவர் அந்த இனக் கிழங்கை மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்தார். பிறகு நஞ்சுக்குப் பயந்து ஐரோப்பா அதைப் பல நூற்றாண்டு ஒதுக்கி வைத்தது. 1763இல் வியன்னாவின் அன்டன் ஃபான் ஷ்டோர்க் திரும்ப எடுத்து வந்தார். 1820இல் பாரிஸில் பெல்லட்டியே, கவான்டூ என்ற இரண்டு மருந்தாளுநர்கள் கிழங்கின் வீரியமான பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதைச் சுத்தப்படுத்திப் பெயர் வைத்தார்.

அந்த 1820இல் அதே இரண்டு பேர் இன்னொன்றையும் பிரித்தெடுத்தார்கள். சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினா. பள்ளத்தாக்குக்காரர்களுக்குக் கொயினாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை எழுந்த காட்டில், வெள்ளத்துக்கும் விலங்குக்கும் தப்பிய கூலிகளை மலேரியாவும் காலராவும் கொண்டுபோயின. இன்று கூடலூரில் நெல்லும் கம்பத்தில் திராட்சையும் விளைவதற்கு அடியில் அந்தச் சாவுகள் இருக்கின்றன. மலேரியாவுக்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே மருந்து கொயினா. அதற்காகவே நீலகிரியில் சின்கோனாத் தோட்டம் போட்டு, நடுவட்டத்தில் தொழிற்சாலையும் வைத்திருந்தது அரசு.

கொயினா இதயத்துக்கு வந்தது ஒரு நோயாளியின் வாய்ச் சொல்லால். 1912இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வென்கபாக் என்ற இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். மலேரியா நாடுகளில் இருந்தவர். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது என்று முறையிட்டார். இதைச் சரிசெய்ய முடியாது என்று மருத்துவர் சொல்ல, நானே சரிசெய்துகொள்வேன், நாளைக் காலை வருகிறேன் என்று போனவர், மறுநாள் ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். இரவு ஒரு கிராம் கொயினா விழுங்கியிருந்தார். வென்கபாக் அதைப் பரிகாசம் செய்யாமல் புத்தகத்தில் எழுதி வைத்தார். 1918இல் வால்டர் ஃப்ரே சின்கோனாப் பட்டையின் வேறு வேறு சாரங்களைச் சோதித்து, கொயினாவின் இரட்டைப் பிறவியான குயினிடின்தான் இதில் வல்லது என்று காட்டினார். தாளத்தைத் திருத்தும் மருந்துகளின் வம்சத்துக்கு அதுதான் மூத்தது.

குயினிடின் வேலை செய்தது மின்சாரத்தில். இதயத் தசைச் செல்லின் சுவரில் சோடியம், பொட்டாசியம் போய்வரும் வாசல்களை அது அடைத்தது. அதற்குப் பின் வந்த மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே அதே வழியில் வந்தவை. அதனால் மருத்துவத்தின் எண்ணமும் அங்கேயே ஊன்றிவிட்டது: தாளம் தவறுவது மின்சாரக் கோளாறு, ஆக மின்சாரத்தைத் திருத்து. மின்சாரம் ஏன் கெட்டது, தசைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தோண்டிப் பார்க்க ஏறக்குறைய எண்பது வருடம் ஆனது. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. ஏனென்றால் அடையாளம் கண் முன்னாலேயே இருந்தது, அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில்.

இங்கிலாந்தின் பர்ன்லி என்ற நூற்பாலை ஊரில் ஜேம்ஸ் மெக்கன்சி என்று ஒரு சாதாரண ஊர் மருத்துவர் இருந்தார். மில் தொழிலாளர் குடும்பங்களை வருடக்கணக்காகப் பார்த்து வந்தவர். கழுத்து நரம்பின் துடிப்பையும் கை நாடியையும் ஒரே தாளில் மை ஊசியால் வரைந்து காட்டும் கருவி ஒன்றை அவரே செய்துகொண்டார். சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப்போன ஒரு பெண்ணை 1880 முதல் பார்த்து வந்தார். 1890களின் கடைசியில் ஒருநாள், மேலறை சுருங்கும்போது கழுத்தில் எழும் அந்தச் சிறு அலை அவளுடைய தாளில் காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து அவள் நாடி எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை. மேலறை செத்துவிட்டது என்றே முதலில் நினைத்தார். 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மேலறை சாகவில்லை, நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை நடுங்கிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் அத்தனையும் கீழறைக்கு இறங்குவதில்லை, தப்பித்த துடிப்பு மட்டும் தாறுமாறாக இறங்குகிறது. அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நம் மருத்துவமனை வரிசைகளில் "ஏ.எஃப்." என்று சீட்டில் எழுதுகிறார்களே, அது. சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் தாளக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அந்தப் பர்ன்லி பெண்ணுக்கு இதயம் கெட்டது எதனால்? தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய அவளுடைய எதிர்ப்புச் சக்தியே திரும்பி இதயத்தைச் சுட்டதால். 1904இல் லுட்விக் ஆஷாஃப் என்ற ஜெர்மன் நோயியலாளர் மூட்டுவாதக் காய்ச்சலில் இறந்தவர்களின் இதயத் தசைக்குள் அழற்சி முடிச்சுகளைக் காட்டிவிட்டார். அழற்சி ஒரு தாளில், தாளக் கோளாறு இன்னொரு தாளில் என்று இரண்டு தாளும் எழுதி முடிந்திருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தவர்கள், வால்வு சுருங்கியதால் மேலறை வீங்கியது, வீங்கியதால் தாளம் போனது என்று எந்திரக் கணக்காகவே படித்தார்கள். அது பொய்யில்லை. அதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் குறை.

மேல்நாடுகளில் வீடும் வருமானமும் பெனிசிலினும் கூடிவர, மூட்டுவாதக் காய்ச்சல் அருகிப்போனது. நம்மிடம் போகவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை 46 நாடுகளில் கணக்கெடுத்து 2014இல் வெளியான ரீ-லை பதிவேட்டின்படி, வட அமெரிக்க நோயாளிகளில் 2.2 சதவீதம் பேருக்குத்தான் மூட்டுவாத இதய நோய், இந்தியாவில் 31.5 சதவீதம். அதாவது நம் நாட்டில் தாளம் தவறி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, பள்ளிக்கூட வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணிலிருந்தே கதை தொடங்கியிருக்கிறது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை போடும் பென்சாத்தின் பெனிசிலின் ஊசி வலிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளையைக் கூட்டிப்போகாமல் விடுகிற வீடுகள் இன்றும் உண்டு. அழற்சிக்கும் தாளத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த மண்ணில் யாராவது ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்கலாம் என்றால், கோல்ச்சிசினுக்கு முன்னால் அந்த ஊசியைத்தான் நான் சொல்வேன்.

எந்திரக் கணக்குக்கு வெளியே யோசிக்க வைத்தது அறுவை அரங்கம். பைபாஸோ வால்வு மாற்றமோ செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்காவது, அதற்கு முன்னால் தாளம் ஒருநாளும் தவறாதவருக்குக்கூட, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும். முதல் நாளில் அவ்வளவாக வராது, பத்தாம் நாளில் வராது. ஏன் அந்த இரண்டு மூன்று நாள்? 1997இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த புருயின்ஸும் அவர் சகாக்களும் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் ரத்தம் எடுத்து சி.ஆர்.பி. என்ற புரதத்தை அளந்தார்கள். கொரோனா காலத்தில் கம்பத்திலும் போடியிலும் லேப் வாசலில் வரிசை நின்று நாம் எடுத்தோமே, அதே சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். புருயின்ஸ் குழு பார்த்ததில் சி.ஆர்.பி. உச்சத்துக்கு ஏறும் நாளும் தாளம் தவறும் நாளும் ஒன்றாக இருந்தன.

அதே 1997இல் ரோமில் ஆண்ட்ரியா ஃபிரஸ்டாச்சி வேறொரு காரியம் செய்தார். வால்வுக் கோளாறு இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, தேடியும் காரணம் அகப்படவில்லை, ஆனாலும் தாளம் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்று வந்த 12 பேரின் மேலறையிலிருந்து நரம்பு வழியாகக் குழாய் விட்டு ஊசிமுனையளவு தசை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். 12 பேரில் 8 பேருக்கு மேலறைத் தசை அழன்று போயிருந்தது. நோயே இல்லாத இதயம் என்று ஸ்கேன் சொன்ன இதயங்கள் அவை. 2001இல் கிளீவ்லாண்டில் மீனா சங் குழு, ஆபரேஷன் செய்யாத சாதாரண ஏ.எஃப். நோயாளிகளுக்கும் சி.ஆர்.பி. கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

அழற்சி தாளத்தை எப்படிக் கெடுக்கிறது? காயமோ கிருமியோ உறைந்த ரத்தமோ இருக்கும் இடத்துக்கு வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன. அவை கக்கும் இன்டர்லூக்கின் போன்ற ரசாயனங்கள் தசைச் செல்லுக்குள் கால்சியம் சேமித்து வைத்திருக்கும் பையைக் கசிய வைக்கின்றன. கசிந்த கால்சியம் வேளைகெட்ட வேளையில் ஒரு துடிப்பைக் கிளப்பும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே மின்சாரம் கடத்தும் இணைப்புப் புரதங்களும் இடம் மாறிப்போகும். சண்டை நீண்டு தழும்பு விழுந்துவிட்டால் இன்னும் மோசம். பெரியாற்று வாய்க்காலில் குறுக்கே மரத்தூர் விழுந்தால் தண்ணீர் அதைச் சுற்றிச் சுழி போடுவதைப் பார்த்திருப்பீர்கள்; தழும்பைச் சுற்றி மின்சாரமும் அப்படியே சுழல ஆரம்பித்துவிடும். 2018இல் இன்னொரு உண்மை தெரிந்தது. வெள்ளணுக்களில் மட்டுமே முக்கியம் என்று கருதியிருந்த என்.எல்.ஆர்.பி.3 என்ற அழற்சிப் பொறி, மேலறைத் தசைச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஏ.எஃப். உள்ளவர்களிடம் அது முடுக்கிவிடப்பட்டிருக்கிறது. தசையே தன்னைச் சுட்டுக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் கிழங்கு உள்ளே வருகிறது. செல்லுக்குள் நுண்குழல்கள் என்று ஒரு சாரம் உண்டு. செல் பிரிவதற்கும் நகர்வதற்கும் அந்தச் சாரம் கட்டிக் கட்டிக் கலைய வேண்டும். கோல்ச்சிசின் அந்தக் கட்டுமானப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு கட்டவிடாமல் செய்துவிடும். கிழங்கைத் தின்றவர் படும் பாடு முழுவதற்கும் காரணம் அதுதான். வேகமாகப் பிரியும் செல்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அடி விழும்: குடல் உரிந்து வாந்தியும் பேதியும், எலும்பு மஜ்ஜை நின்று ரத்த அணுக்கள் வற்றிப்போவது, பிழைத்தவருக்கும் மயிர் முழுக்கக் கொட்டிப்போவது. இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்று பிழைத்த ஒரு பெண்ணுக்கு உடம்பு மயிரெல்லாம் கொட்டியதை குணரத்ன என்ற மருத்துவர் 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

அதே நஞ்சு அரை மில்லிகிராமில் மருந்தாவது எப்படி? உள்ளே நுழைந்த கோல்ச்சிசினை வெளியே தள்ளும் பம்பு பெரும்பாலான செல்களில் இருக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவில் அது மிகக் குறைவு. ஆகவே சிறிய அளவு கொடுத்தாலும் வெள்ளணுவுக்குள் மட்டும் மருந்து சேர்ந்துகொண்டே போகும். காயத்தை நோக்கி ஓடவேண்டிய வெள்ளணு ஓட முடியாமல் நிற்கும். என்.எல்.ஆர்.பி.3 பொறியும் கூடிச் சேர முடியாமல் போகும். மற்ற செல்களுக்குப் பெரிய சேதம் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு யாரும் இதயத்துக்குக் கொடுக்கத் தொடங்கவில்லை. மருந்து வந்த வழி சுற்றுவழி. மத்தியதரைக்கடல் நாட்டுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு காய்ச்சல் நோய்க்கு 1972இல் கோல்ட்ஃபிங்கர் கோல்ச்சிசின் கொடுத்துப் பலன் கண்டார். அந்தக் காய்ச்சலில் நெஞ்சுறையும் வயிற்றுறையும் அழன்று வலிக்கும். அப்படியானால் இதய மேலுறை அழற்சிக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஸ்பெயின் மருத்துவர்கள் நினைத்தார்கள். 1990இல் 9 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். இத்தாலியின் டூரின் நகரில் மசிமோ இமாசியோ அதைப் பெரிய சோதனைகளாக நடத்தி, 2005 முதல் 2013 வரை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு, மேலுறை அழற்சிக்குக் கோல்ச்சிசின் இல்லாமல் சிகிச்சை இல்லை என்ற நிலையைக் கொண்டுவந்தார். அவருடைய சோதனை ஒன்றில், இதய ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து கோல்ச்சிசின் கொடுத்தவர்களைத் தாளக் கோளாறுக்காகவும் எண்ணிப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். வந்தது, கோல்ச்சிசின் சாப்பிட்டவர்களில் 12 சதவீதம். 2011இல் அந்தக் கணக்கு அச்சானது. மறுவருடம் ஏதென்ஸில் டெஃப்டெரியோஸ் குழு, மேலறைக்குள் குழாய் விட்டுச் சூடு வைக்கும் அப்லேஷன் சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கோல்ச்சிசின் கொடுத்தது. முதல் மூன்று மாதத்தில் தாளம் மறுபடி தவறியவர்கள் 33.5 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை. 2014இல் இமாசியோவே 360 பேரை வைத்து, இந்த முறை ஆபரேஷனுக்கு முன்பே மருந்தைத் தொடங்கிச் சோதித்தபோது, தாளக் கோளாறில் நம்பத்தகுந்த வித்தியாசம் கிடைக்கவில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. 2023இல் இன்னும் பெரியது ஒன்று: நுரையீரல் போன்ற மார்பு ஆபரேஷன் செய்துகொண்ட 3,209 பேர், 11 நாடுகள். கோல்ச்சிசின் எடுத்தவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு ஏ.எஃப்., எடுக்காதவர்களில் 7.5 சதவீதம். அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. மாரடைப்புத் தடுப்பிலும் இதே இழுபறி. 2020இல் 5,522 பேரிடம் செய்த லோடோகோ-2 சோதனை நல்ல பலன் சொல்ல, அமெரிக்கா 2023இல் அதற்கு அனுமதி கொடுத்தது. 2024இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்த இன்னொன்று பலன் இல்லை என்றது.

அப்படியானால் அழற்சிக் கணக்கே தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. மருந்து இல்லாமலே வந்த ஒரு சாட்சி இருக்கிறது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு மேலுறைப் பைக்குள் கொஞ்சம் ரத்தம் தேங்கும். அது கெட்டு, மேலறையைச் சுற்றி அழற்சியைக் கிளப்பும். நியூயார்க்கில் மாரியோ கௌடினோ 420 நோயாளிகளில் பாதிப் பேருக்கு, ஆபரேஷனின்போதே அந்தப் பையின் பின்புறத்தில் ஒரு சிறு கீறல் போட்டு, தேங்கும் ரத்தத்தை நுரையீரல் பக்கம் வடியவிட்டார். 2021இல் முடிவு வந்தது. கீறல் போடாதவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஏ.எஃப்.; போட்டவர்களில் 17. மின்சாரத்தை யாரும் தொடவில்லை. அழற்சிக்கான தீனியை மட்டும் அகற்றினார்கள், தாளக் கோளாறு ஏறக்குறைய பாதியானது. அடிப்படை எண்ணம் சரி. எந்த நோயாளிக்கு, எந்த நாளில், எந்த மருந்து என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. மூட்டுவாதத்தால் வந்த ஏ.எஃப்., ஆபரேஷனுக்குப் பின் வந்தது, கொழுப்பும் சர்க்கரையும் கூடி மெதுவாகச் சுட்டு வந்தது என்று அழற்சியிலேயே பல வகை இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே மாத்திரை எடுபடாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஏ.எஃப். இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடையில் போய்க் கோல்ச்சிசின் கேட்கக் கூடாது. துடிப்பைக் குறைக்கத் தரும் டில்டியாசம், வெரபமில் மாத்திரைகள் கோல்ச்சிசின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கும். சளி இருமலுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் இன்னும் ஆபத்து. அந்த ஜோடியால் உயிர் போயிருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அரை மில்லிகிராமே அதிகமாகிவிடலாம். கிழங்கை வீட்டில் அரைத்துக் குடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

மாத்திரைக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது? 1915இல் கிளூவர், கிரீன், டூட்டின் என்ற மூன்று வேதியியலாளர்கள் நம் காந்தள் கிழங்கிலும் அதே கோல்ச்சிசின் இருக்கிறது என்று கண்டார்கள். விதையில் இன்னும் அதிகம் என்பது பிற்பாடு தெரிந்தது. அதன் பிறகு காட்டுக் கிழங்கைத் தோண்டித் தோண்டி விற்று, பல இடங்களில் செடியே அருகிவிட்டது. தேனி வேலிகளில் அது காட்டுச் செடி. பழனி மலைத் தொடரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் அது வயல் பயிர்.

கலப்பை வடிவக் கிழங்கின் ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு முளை. எடுக்கும்போதோ நடும்போதோ அது ஒடிந்தால் அந்த முனை வீண். விதைக் கிழங்கின் விலை அதிகம் என்பதால் முதல் வருடச் செலவே லட்சக்கணக்கில் போகும். ஆடியை ஒட்டி நட்டு, கிளுவை வேலியிலோ கம்பிப் பந்தலிலோ ஏற்றிவிடுவார்கள். பூத்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பம். பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பையிலிருந்து விலகி நிற்கும். தேனீயும் பட்டாம்பூச்சியும் போதாத வயலில் காய் பிடிக்காது. ஆகவே காலையில் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒரு பூவின் மகரந்தப் பையை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவி விடுகிறார்கள். வயலில் பூ இருக்கும் வரை தினமும், பூப்பூவாக. தைக்குள் காய் முற்றி, வெடிக்கும் முன் பறித்து, ஆரஞ்சுச் சிவப்பில் இருக்கும் விதையை நிழலில் உலர்த்தி மூட்டை கட்டுகிறார்கள். ஒரு கிலோ விதையில் கோல்ச்சிசின் சில கிராம்தான். ஆனால் ஒரு கிராம் என்பது 2,000 மாத்திரை.

விதை சாரமெடுக்கும் ஆலைகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. விலையை வாங்குகிறவர்தான் சொல்கிறார். ஒரு வருடம் கிலோ ஆயிரங்களில் போகும், அடுத்த வருடம் கேட்பாரில்லாமல் இறங்கும். அரசு ஆதார விலை வைக்க வேண்டும், நேரடியாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இந்தப் பழைய மருந்துக்குப் புதிதாக அனுமதி வாங்கி, சுமார் 9 சென்ட்டாக இருந்த மாத்திரையை ஏறக்குறைய 5 டாலர் ஆக்கியது. மூலனூரில் பூவைத் தொட்டு மகரந்தம் வைத்த பெண்ணின் நாள் கூலிக்கும் அந்த 5 டாலருக்கும் இடையில் யார் யார் கை இருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும். இதயத் துடிப்பில் கோல்ச்சிசினின் இடம் உறுதியாகி, மாத்திரையின் தேவை பல மடங்கு ஏறும் ஒரு காலம் வந்தால், ஆதார விலை அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.